பெரோவ்ஸ்கைட் படலத்தில் நல்ல படிகம்: தூள் முதல் ஹாட் பிளேட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டு வந்தால் பதம் சரி. கரைந்து ஓடினால் இன்னும் காய வேண்டும். கல்லாக இறுகிவிட்டால் பதம் தவறிவிட்டது. ஒளியை உறிஞ்சி மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைச் சூரிய மின்கலத்துக்குப் படலமாகப் பூசுவதும் பதம் பார்க்கும் வேலைதான். ஆனால் இங்கே பதம் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்பதில்லை. தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. கண்ணும் கடிகாரமும்தான் துணை.

2009-இல் ஜப்பானின் யோகோஹாமாவில் சுடோமு மியாசாகாவின் குழு இந்தப் பொருளை முதன்முதலாகச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தியபோது கிடைத்த திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் சிறு கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. மூலப்பொருள்கள் அடியோடு மாறிவிடவில்லை. அன்றும் இன்றும் காரீயம், அயோடின் அல்லது புரோமின், ஒரு நேர்மின் அயனி ஆகியவைதான். இந்த உயர்வில் பெரும்பங்கு, படிகம் உருவாகும் விதத்தைக் கட்டுக்குள் கொண்டுவரக் கற்றுக்கொண்டதால் கிடைத்தது.

செய்முறை கையில் இருந்தும் படலம் சரியாக வராமல் தவிக்கும் ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகம் சரியில்லை என்று தெரிந்ததும் பலரும் முதலில் ஹாட் பிளேட்டின் வெப்பநிலையைத்தான் மாற்றுகிறார்கள். என் அனுபவத்தில், பத்துக்கு எட்டு முறை தவறு அதற்கு முன்பே, ஸ்பின் கோட்டர் (கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலை மெல்லிய படலமாகப் பரப்பும் கருவி) சுழன்ற அரை நிமிடத்திலோ அதற்கும் முந்தைய கரைசலிலோ நடந்து முடிந்திருக்கும். சூடு அந்தத் தவறை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கலவையைக் கடைசிவரை பின்தொடரலாம். சீசியம், மெத்தில் அமோனியம், ஃபார்மமிடினியம் என்ற மூன்று நேர்மின் அயனிகளும் சேர்ந்த கலவை அது. சுவிட்சர்லாந்தின் லோசானில் மைக்கேல் சலிபாவும் உடன் பணியாற்றியவர்களும் 2016-இல் வெளியிட்டார்கள், 21.1 சதவீதத் திறன் காட்டியது. இன்றைய உச்சச் சாதனைகள் வேறு கலவைகளிடம் போய்விட்டன. ஆனாலும் கை பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், பெரும் பிழைகளை உடனே காட்டிக்கொடுக்கும்.

எது நல்ல படிகம்?

பெரிய படிகமணிகள் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது அரை உண்மை. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் மணிகள் பெரிதாகத் தெரியும்; ஆனால் அவற்றுக்கிடையே ஊசித்துளை இருந்தால் மேல் அடுக்கு கீழ் அடுக்கைத் தொட்டு மின்னோட்டம் கசியும். மணிகள் பெரிதாகவே இருக்கும். ஆனால் படலத்தின் அடிப்பகுதி குழி விழுந்து கண்ணாடியிலிருந்து விலகியிருந்தால் மின்துகள்கள் மின்வாயை அடையாது.

நான் பார்ப்பது நான்கு. முதலாவது, படலம் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். இரண்டாவது, குறுக்குவெட்டில் ஒவ்வொரு மணியும் அடியிலிருந்து மேல்வரை ஒரே துண்டாக நிற்க வேண்டும். படலத்தின் தடிமன் சுமார் 500 நானோ மீட்டர். எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் காலியிடம்) பயணம் செய்வது மேலும் கீழுமாகத்தான். வழியில் படுக்கைவாட்டமாக ஒரு மணி எல்லை குறுக்கிட்டால் அங்கே அவை சிக்கி வீணாகும். செங்குத்தான எல்லைகள் அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. மூன்றாவது, கறுப்புக் கட்டம், அதாவது ஒளியை உறிஞ்சும் கறுப்பு நிறப் படிக அமைப்பு, மட்டுமே இருக்க வேண்டும். ஒளியைப் பயன்படுத்தாத மஞ்சள் கட்டம் கலந்திருக்கக் கூடாது. நான்காவது, மேற்பரப்பிலும் எல்லைகளிலும் நிறைவுறாத பிணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும். இந்த நான்கும் அமைந்தால் மணியின் அளவு 300 நானோ மீட்டரா 800 நானோ மீட்டரா என்பது இரண்டாம் கேள்வி.

கருவும் வளர்ச்சியும்

நூல் கற்கண்டு செய்பவர்கள் தெவிட்டிய சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆடாமல் அசையாமல் ஆறவிடுகிறார்கள். கருக்கள், அதாவது படிகம் தொடங்கும் நுண்புள்ளிகள், சில மட்டுமே தோன்றுகின்றன. அவற்றின்மேல் சர்க்கரை மெல்லப் படிந்து கட்டிகட்டியாக வளர்கிறது. அதே பாகைக் கரண்டியால் கிளறிக்கொண்டே ஆறவிட்டால் கணக்கற்ற கருக்கள் தோன்றி மாவு போன்ற நுண்சர்க்கரை கிடைக்கும். பொருள் ஒன்றுதான், கரு எத்தனை, அவை எப்போது தோன்றின, பிறகு எவ்வளவு நேரம் வளர்ந்தன என்பவை மட்டுமே வேறு.

நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது. கண்ணாடி முழுவதையும் மூடும் அளவுக்குக் கருக்கள் நிறைய வேண்டும். அவை ஒரே நொடியில் தோன்ற வேண்டும். அதன் பிறகு புதுக்கரு தோன்றாமல், இருப்பவை மட்டும் நிதானமாக வளர வேண்டும். கரைசல் மீதெவிட்டல் நிலையில் (கரைக்கக்கூடிய அளவுக்கு மேல் கரைபொருள் இருக்கும் நிலையில்) ஓர் எல்லையைத் தாண்டும்போது கருக்கள் வெடித்துக் கிளம்பும். கரைபொருள் செலவாகிச் செறிவு அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சி மட்டும் தொடரும். கரைப்பான் தானாக ஆவியாகட்டும் என்று விட்டுவிட்டால் செறிவு அந்த எல்லையை மெல்ல மெல்லக் கடக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருக்கள் தோன்றி ஊசி ஊசியாக, கிளை கிளையாக வளரும். நடுவே வெறும் கண்ணாடி தெரியும்.

இனி வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியோடு படியுங்கள்: இது கருவின் எண்ணிக்கையை மாற்றுகிறதா, வளர்ச்சியின் வேகத்தை மாற்றுகிறதா?

தொடங்கும் முன் பாதுகாப்பு

கரைசலில் இருப்பது கரைந்த காரீயம். டைமெத்தில் சல்ஃபாக்சைடு தோலை எளிதில் ஊடுருவும். தன்னில் கரைந்தவற்றையும் உள்ளே இழுத்துச் செல்லக்கூடியது. டைமெத்தில் ஃபார்மமைடு கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யவல்லது. குளோவ் பாக்ஸ் (வெளிக்காற்று புகாத, கையுறை பொருத்திய பெட்டி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் நன்கு இழுக்கும் ஃபியூம் ஹுட் கட்டாயம் வேண்டும். கையுறையில் ஒரு துளி பட்டாலும் உடனே மாற்றுங்கள். பிப்பெட் முனை, துடைத்த தாள், உடைந்த கண்ணாடி எல்லாமே காரீயக் கழிவு. தனிக் கலனில் சேர வேண்டும். கைகழுவும் தொட்டியில் ஒரு சொட்டும் போகக் கூடாது. அவசரத்தில் கூட இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 1: தூளும் எடையும்

1 மில்லி லிட்டர் கரைப்பானுக்கு அளவுகள் இவை: ஃபார்மமிடினியம் அயோடைடு 172 மில்லி கிராம், லெட் (காரீய) அயோடைடு 507, மெத்தில் அமோனியம் புரோமைடு 22.4, லெட் புரோமைடு 73.4. மோலார் கணக்கில் முறையே 1, 1.1, 0.2, 0.2. லெட் அயோடைடு சற்று மிகுதியாக இருப்பது பிழையன்று. மிகுதியில் ஒரு சிறு பங்கு மணி எல்லைகளில் தங்கிக் குறைபாடுகளை மூடுகிறது.

இங்கேதான் முதல் கண்ணி. 507 மில்லி கிராமுக்குப் பதில் 512 போட்டால் காரீயம் ஏறக்குறைய 1 சதவீதம் கூடிவிடும். இந்தப் பொருள் அதற்கே முகம் சுளிக்கும். காரீயம் குறைந்து கரிம உப்பு மிகுந்தால் நிலைமை இன்னும் மோசம். எனவே மிக நுண்ணிய எடையில் கலக்காதீர்கள். 2 அல்லது 3 மில்லி லிட்டராகக் கலந்தால் எடைப் பிழையின் பங்கு குறையும். இன்னொரு நல்ல வழியும் உண்டு: லெட் அயோடைடை மட்டும் முதலில் தனிக் கரைசலாக்கி, கரிம உப்பின் உண்மையான எடைக்கு ஏற்ப அந்தக் கரைசலைப் பிப்பெட்டால் அளந்து சேர்ப்பது. தூளைத் திட்டமான எடைக்கு நிறுப்பதைவிடத் திரவத்தைத் திட்டமாக அளப்பது எளிது.

லெட் அயோடைடின் தூய்மை பற்றி ஒரு சொந்த அனுபவம். ஒரு முறை மூன்று வாரம் எங்கள் படலங்கள் அனைத்தும் பனி படர்ந்ததுபோல் மங்கலாக வந்தன. ஸ்பின் கோட்டரையும் குளோவ் பாக்ஸையும் ஹாட் பிளேட்டையும் சந்தேகித்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கடைசியில் காரணம், இடையில் மாற்றிய ஒரு புதுப் புட்டி. லேபிளில் அதே தூய்மை அச்சிட்டிருந்தது. கரைசலோ எத்தனை மணி நேரம் கலக்கினாலும் லேசாகக் கலங்கியே இருந்தது. அன்றிலிருந்து புட்டியைத் திறந்த தேதியையும் அதன் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு படலத்தின் பக்கத்திலும் எழுதிவைக்கிறேன். தூளின் மீது ஐயம் வந்தால், அதையே ஒற்றைப் படிகமாக வளர்த்து எடுத்து, அந்தப் படிகத்தைக் கரைத்துப் படலம் பூசுவது உறுதியான தீர்வு. படிகம் வளரும்போதே அசுத்தங்களில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அயனிகளின் விகிதமும் தானாகச் சரியாகிவிடும்.

படி 2: கரைசல்

கரைப்பான் டைமெத்தில் ஃபார்மமைடு நான்கு பங்கு, டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஒரு பங்கு. இரண்டும் ஏன் வேண்டும் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலாவது 153 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. சுழலும்போதே விரைவாக விலகும். இரண்டாவது 189 டிகிரியில் கொதிப்பது மட்டுமல்ல, லெட் அயோடைடோடு பிணைந்து இடைநிலைச் சேர்மம் ஒன்றை உருவாக்கும். தென்கொரியாவின் பார்க் நாம் கியூ குழு 2015-இல் மெத்தில் அமோனியம் லெட் அயோடைடுக்கு இந்த வழியைத் தெளிவாகக் காட்டியது. அயோடைடு உப்பு, லெட் அயோடைடு, சல்ஃபாக்சைடு மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்த சேர்மம் முதலில் படலமாகப் படிகிறது. சூடு பட்டதும் சல்ஃபாக்சைடு மெல்ல வெளியேற, பெரோவ்ஸ்கைட் அந்த இடத்தில் அமர்கிறது. சல்ஃபாக்சைடு இங்கே வளர்ச்சிக்குக் கடிவாளம். அது இல்லையென்றால் படிகம் தறிகெட்டு ஓடும். அளவுக்கு மிஞ்சினால் வெளியேற வழியின்றி அடியில் தங்கி, கடைசியில் வெளியேறும்போது குழிகளை விட்டுச் செல்லும்.

சீசியம் அயோடைடு டைமெத்தில் ஃபார்மமைடில் சரியாகக் கரையாது. எனவே அதைத் தனியே சல்ஃபாக்சைடில் 1.5 மோலார் கரைசலாக வைத்துக்கொண்டு, பிரதான கரைசலின் 1 மில்லி லிட்டருக்கு 42 மைக்ரோ லிட்டர் சேர்த்தால் 5 சதவீதச் சீசியம் கிடைக்கும். இந்தச் சிறு துளி செய்வது பெரிய வேலை. ஃபார்மமிடினியம் அயனி, காரீயமும் அயோடினும் சேர்ந்து அமைக்கும் கூட்டுக்குச் சற்றுப் பெரியது. அதனால் அது தனியாக இருக்கும்போது அறை வெப்பநிலையில் கறுப்புக் கட்டம் நிலைக்காமல் மஞ்சளாகச் சரியும். சிறிய சீசியம் அயனிகளின் சராசரி அளவைக் கீழே இழுத்து, தொடக்கத்திலிருந்தே கறுப்புக் கட்டக் கருக்கள் தோன்ற வழிசெய்கிறது.

கரைசலை அன்று கலக்கி அன்றே பயன்படுத்துங்கள். நாள்பட்ட கரைசலில் மெத்தில் அமோனியத்திலிருந்து விடுபடும் மெத்தில் அமீன் ஃபார்மமிடினியத்தோடு வினைபுரிந்து நமக்கு வேண்டாத பெரிய அயனியை உண்டாக்குகிறது. வெளிர்மஞ்சள் இயல்பான நிறம். அது ஆரஞ்சும் சிவப்புமாகக் கறுத்தால் அயோடைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து அயோடினாக மாறியிருக்கிறது. அப்படிப்பட்ட கரைசலைக் கழிவில் சேர்த்துவிடுங்கள். பூசும் முன் 0.45 அல்லது 0.2 மைக்ரோ மீட்டர் வடிகட்டியால் வடிகட்டலாம். எதைத் தேர்ந்தாலும் எல்லா நாளும் அதையே பயன்படுத்துங்கள். கரைசலில் மிதக்கும் நுண்துகள்களும் கருக்களாகின்றன. வடிகட்டி மாறினால் கருவின் எண்ணிக்கையும் மாறும்.

படி 3: கண்ணாடி

சோப்பு நீர், தூய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் மீயொலிக் குளியல். பிறகு நைட்ரஜனால் ஊதிக் காயவைத்து, புற ஊதா ஓசோனில் பதினைந்து நிமிடம். இது வழக்கமான முறை. இதில் வியப்பு ஏதுமில்லை. கண்ணாடியில் மூச்சை ஊதிப் பாருங்கள். ஆவி திட்டுத் திட்டாகப் படிந்தால் மறுபடி கழுவுங்கள்.

கவனம் வேண்டியது, கண்ணாடிக்கும் பெரோவ்ஸ்கைட்டுக்கும் இடையே மின்துகளைச் சேகரிக்க வரும் அடுக்கில். டைட்டானியம் ஆக்சைடு, டின் ஆக்சைடு போன்ற நீர் ஏற்கும் பரப்புகளில் கரைசல் நன்கு பரவும். கருக்களும் நிறையத் தோன்றும். நீர் ஏற்காத பாலிமர் பரப்புகளில் கருக்கள் குறைவு. எல்லைகள் வழுக்கி நகர்வதால் மணிகள் படலத்தின் தடிமனைவிடப் பல மடங்கு அகலமாக வளரும். 2015-இல் நெப்ராஸ்காவில் ஹுவாங் ஜின்சாங் குழு இதைத்தான் காட்டியது. ஆனால் அங்கே இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல் கரைசல் உருண்டு ஓடி, நடுவில் வெறும் கண்ணாடி மிஞ்சும். பூசுவதற்குச் சற்று முன் வெறும் டைமெத்தில் ஃபார்மமைடை ஒரு முறை சுழற்றி நனைப்பது, அல்லது அலுமினா நுண்துகள்களின் நீர்த்த கரைசலை மெலிதாகப் பூசுவது, இந்த இரண்டும் கைகொடுக்கும்.

படி 4: காற்று

சென்னை போன்ற கடலோர ஊர்களில் வேலை செய்பவர்கள் இந்தப் படியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். காற்றின் ஈரம் சல்ஃபாக்சைடுக்குள் இறங்கும். எதிர்கரைப்பான் (சுழலும் படலத்தின்மேல் விட்டுக் கருக்களைத் தோன்றவைக்கும் திரவம்; அடுத்த படியில் வரும்) விழும் முன்பே ஈரம் படலத்தில் கருக்களைத் தாறுமாறாகத் தூண்டும். ஃபார்மமிடினியம் மிகுந்த கலவையை மஞ்சள் கட்டத்துக்கும் தள்ளும். குளோவ் பாக்ஸ் இல்லாதவர்கள் உலர்காற்று செலுத்திய பெட்டிக்குள் ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்தாலே பெரும் வேறுபாடு தெரியும். அதைவிட முக்கியம் அது நாளுக்கு நாள் மாறாமலிருப்பது. ஐப்பசி மழையில் ஒரு நாளும் சித்திரை வெயிலில் ஒரு நாளும் பூசிய படலங்களை ஒப்பிட்டு முடிவு சொல்ல முடியாது.

குளோவ் பாக்ஸ் இருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. பத்துப் படலம் பூசிய பின் ஸ்பின் கோட்டர் கிண்ணத்தில் கரைப்பான் ஆவி தேங்கியிருக்கும். பதினோராவது படலம் மெதுவாகக் காயும்; பதம் தள்ளிப்போகும். காலையில் நன்றாக வந்தது மாலையில் கெடுவதற்கு இதுதான் அடிக்கடிக் காரணம். ஒவ்வொரு படலத்துக்கும் இடையே கிண்ணத்தைத் துடைத்து, சில நிமிடம் நைட்ரஜன் ஓட விடுங்கள்.

படி 5: சுழற்சியும் எதிர்கரைப்பானும்

மொத்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது.

கண்ணாடியில் கரைசலை விட்டுப் பரப்பியதும் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் 10 விநாடி; தொடர்ந்து 6000 சுற்றில் 20 விநாடி. இரண்டாம் கட்டம் முடிய 5 விநாடி இருக்கும்போது 100 மைக்ரோ லிட்டர் குளோரோபென்சீனை நடுவில் விடவேண்டும். மூலச் செய்முறை இது. குளோரோபென்சீன் மற்ற இரு கரைப்பான்களோடும் கலக்கும். பெரோவ்ஸ்கைட்டை மட்டும் கரைக்காது. அது விழுந்த கணத்தில் கரைதிறன் சரிந்து, படலம் முழுவதும் ஒரே நேரத்தில் கருக்கள் வெடிக்கின்றன. 2014-இல் தென்கொரியாவில் சோக் சாங் இல் குழு டொலுயீனைக் கொண்டும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு குளோரோபென்சீனைக் கொண்டும் இந்த வழியைத் திறந்தன. அதற்கு முன் ஒரே சீரான படலம் என்பது பலருக்கும் கனவாகவே இருந்தது.

மூலச் செய்முறையின் விநாடிக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் அறையின் வெப்பம், கிண்ணத்தின் ஆழம், கண்ணாடியின் அளவு எல்லாம் அந்தக் கணக்கை மாற்றும். உங்களுக்கான பதத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். இரண்டாம் கட்டத்தை 30 விநாடியாக நீட்டிக்கொள்ளுங்கள். எட்டுக் கண்ணாடிகளை எடுத்து, இரண்டாம் கட்டம் தொடங்கி 9, 11, 13, 15, 17, 19, 21, 23 விநாடிகளில் ஒவ்வொன்றிலும் எதிர்கரைப்பானை விடுங்கள். மற்ற எதையும் மாற்றக் கூடாது. எட்டையும் வரிசையாக அடுக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும்.

முன்கூட்டியே விட்டால் படலத்தில் கரைப்பான் இன்னும் மிகுந்திருக்கும். கருக்கள் தோன்றினாலும் மீண்டும் கரையும். சூடாக்கியதும் படலம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் மாறும். தாமதித்தால் கருக்கள் தாமாகவே தோன்றியிருக்கும். வட்ட வட்டமாக வெண்மை படர்ந்து, நுண்ணோக்கியில் விசிறிபோல் கிளைத்த வடிவங்கள் தெரியும். சரியான பதத்தில் விட்ட படலம் தெளிவான இளம்பழுப்பாக இருக்கும். ஹாட் பிளேட்டில் வைத்த சில விநாடிகளில் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பாக மாறும். விளக்கின் பிம்பம் அதில் உடையாமல் தெரிய வேண்டும்.

எதிர்கரைப்பான் விழும் சற்று முன், சுழலும் படலத்தின் மீதிருக்கும் நிறப் பட்டைகள் நடுவிலிருந்து வெளியே ஓடி மறைந்து, பரப்பு ஒரே நிறமாக அடங்குவதைக் காணலாம். அது அடங்கிய பிறகு பதம் நெருங்குகிறது. கடிகாரத்தோடு இந்த அடையாளத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அறையின் நிலை மாறும் நாளில் இது காப்பாற்றும்.

பிப்பெட் முனை கண்ணாடிக்கு மேலே ஏறக்குறைய 1 சென்டி மீட்டரில், சரியாக நடுவில் இருக்க வேண்டும். விடும் வேகமும் முக்கியம். 2021-இல் ஜெர்மனியில் யானா வைன்சோஃபின் குழு பதினான்கு எதிர்கரைப்பான்களைச் சோதித்தது. சில வேகமாக ஊற்றினால் நன்கு வேலை செய்தன, சில மெதுவாக விட்டால் நன்கு வேலை செய்தன, சிலவற்றுக்கு இரண்டுமே ஒன்றுதான். ஆல்கஹால் வகைகள் கரிம உப்பையும் சேர்த்துக் கரைப்பதால் அவற்றை நொடிக்குள் விட்டு முடிக்க வேண்டும். குளோரோபென்சீன் அவ்வளவு கறாரானதல்ல. அதனால்தான் தொடக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். வெறும் கண்ணாடியைச் சுழற்றி, இருபது முப்பது முறை கையைப் பழக்கிக்கொண்ட பிறகே உண்மையான கரைசலுக்கு வாருங்கள். ஒரே ஆய்வகத்தில் ஒருவருக்கு நன்றாக வந்து இன்னொருவருக்கு வராமல் போவதற்குக் கைவேகம் போதுமான காரணம்.

படி 6: அனீலிங் (படலத்தைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்துதல்)

சுழற்சி நின்றதும் தாமதிக்காமல் 100 டிகிரி ஹாட் பிளேட்டில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். திரையில் காட்டும் வெப்பநிலையை நம்பாமல், கண்ணாடி வைக்கும் இடத்திலேயே வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். ஓரமும் நடுவும் பல டிகிரி வேறுபடும் தட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு மணி நேரத்தில் முதலில் சல்ஃபாக்சைடு வெளியேறி இடைநிலைச் சேர்மம் பெரோவ்ஸ்கைட்டாகிறது. அடுத்துச் சிறு மணிகள் கரைந்து பெரிய மணிகளோடு சேர்கின்றன. அளவு மீறினால் மெத்தில் அமோனியம் ஆவியாகி, மணி எல்லைகளில் லெட் அயோடைடு வெண்தட்டுகளாக ஒதுங்கும். ஃபார்மமிடினியம் மட்டுமே கொண்ட கலவைக்கு 100 டிகிரி போதாது. மஞ்சளிலிருந்து கறுப்புக்குக் கடக்க 150 டிகிரி அளவில் சூடு வேண்டும்.

மணிகளை இன்னும் வளர்க்க விரும்பினால் கரைப்பான் ஆவியில் அனீலிங் செய்து பாருங்கள். படலத்தின் மேல் ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் 10 மைக்ரோ லிட்டர் அளவு டைமெத்தில் ஃபார்மமைடு விட்டால், அதன் ஆவியில் அயனிகள் நகர்வது எளிதாகி மணிகள் விரியும். மிகுந்தால் படலமே கரைந்து துளை விழும். பலனும் ஆபத்தும் அருகருகே இருக்கும் முறை இது. அடிப்படைச் செய்முறை கைவந்த பிறகு முயலுங்கள்.

படி 7: சேர்க்கைப் பொருள்கள்

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: மெத்தில் அமோனியம் குளோரைடு. ஃபார்மமிடினியம் மிகுந்த கலவைகளில் லெட் அயோடைடுக்கு 30 முதல் 40 மோல் சதவீதம்வரை சேர்க்கிறார்கள். இத்தனை சேர்த்தும் கடைசிப் படலத்தில் குளோரின் மிகச் சிறிதளவே மிஞ்சுகிறது; அனீலிங்கின்போது பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது. ஆனால் போவதற்கு முன் இடைநிலைக் கட்டத்தை நிலைப்படுத்தி, கறுப்புக் கட்டத்துக்கான வழியை எளிதாக்கி, மணிகளைப் பெரிதாக்கி, ஒரே திசையில் நிற்கவைக்கிறது. கட்டடம் எழுந்ததும் பிரித்துவிடும் சாரம் போன்றது அது. முழுவதும் பிரியாவிட்டால்தான் தொல்லை; அதனால் இதைச் சேர்க்கும்போது அனீலிங் வெப்பத்தையும் நேரத்தையும் மறுபடி தேட வேண்டும்.

லெட் தயோசயனேட் மணிகளைக் கண்கூடாகப் பெரிதாக்கும். கூடவே லெட் அயோடைடையும் எல்லைகளில் மிச்சம் வைக்கும். சில சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சேர்க்கைகளைப் புகுத்தாதீர்கள். எது எதைச் செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

படி 8: மேற்பரப்பு

படிகம் எவ்வளவு நன்றாக வளர்ந்தாலும் அதன் மேற்பரப்பில் அயோடின் இல்லாத வெற்றிடங்கள் இருக்கவே செய்யும். அறை வெப்பநிலைக்கு ஆறிய படலத்தின்மேல் ஃபீனைல் எத்தில் அமோனியம் அயோடைடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நீர்த்துச் சுழற்றிப் பூசினால் அந்த வெற்றிடங்கள் நிரம்பும். 2019-இல் சீன அறிவியல் கழகக் குழு ஒன்று இவ்வழியில் 23.3 சதவீதத்தை எட்டியது. பூசியதும் ஒளிர்வு, அதாவது ஒளி பட்டதும் படலம் திருப்பி உமிழும் ஒளி, உயர வேண்டும். உயரவில்லை என்றால் செறிவைக் குறைத்துப் பாருங்கள். தடித்த அடுக்கு மின்னோட்டத்தைத் தடுக்கும்.

படி 9: சோதித்துப் பார்த்தல்

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (படிகம் எக்ஸ் கதிரை எந்தக் கோணங்களில் சிதறடிக்கிறது என்று பார்க்கும் சோதனையில்) தாமிரக் கதிரைப் பயன்படுத்தும்போது நான்கு கோணங்களைப் பாருங்கள். 14 டிகிரிக்குச் சற்று மேலே வருவது பெரோவ்ஸ்கைட். 12.7-இல் வருவது லெட் அயோடைடு. 11.8 அருகே வந்தால் மஞ்சள் கட்டம் இருக்கிறது. 10 டிகிரிக்குக் கீழே ஏதேனும் எழுந்தால் இடைநிலைச் சேர்மம் முழுவதும் மாறவில்லை, அனீலிங் போதவில்லை. முகட்டின் அகலத்திலிருந்து மணியின் அளவைக் கணக்கிட்டு எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சாதாரணக் கருவியில் சுமார் 100 நானோ மீட்டருக்கு மேல் அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மேற்பரப்பை மட்டும் எடுத்துவிட்டு நிறைவடையாதீர்கள். குறுக்குவெட்டுதான் உண்மை பேசும். படலம் மேல்வரை ஒரே மணியாக நிற்கிறதா, அடியில் குழி இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். மேலிருந்து ஒரே மணியாகத் தெரிவது உள்ளே பல திசைப் படிகங்களின் கூட்டாகவும் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். எலெக்ட்ரான் கற்றை இந்தப் பொருளைச் சிதைக்கும். குறைந்த மின்னழுத்தத்தில், விரைவாகப் படமெடுங்கள்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் வாய்ப்பு என்றால் நான் ஒளிர்வைத் தேர்வேன். மூன்று அயனிக் கலவை 760 முதல் 780 நானோ மீட்டர் அளவில் ஒளிரும். அதே கண்ணாடியில், அதே ஒளியில், எந்தப் படலம் அதிகமாக ஒளிர்கிறதோ அதில் மின்துகள்கள் வீணாவது குறைவு. ஆனால் மின்துகளை இழுத்துக்கொள்ளும் அடுக்கின் மீது பூசிய படலத்தையும் வெறும் கண்ணாடியின் மீது பூசியதையும் ஒப்பிடாதீர்கள். முன்னதில் ஒளிர்வு குறைவது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம்.

எந்த மாற்றத்தையும் ஒரே படலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது எட்டு, அந்த எட்டில் கெட்டுப்போனவற்றையும் சேர்த்துக் கணக்கில் எழுதுங்கள். இடையிடையே மாற்றமில்லாத பழைய செய்முறையிலும் ஒன்றிரண்டு பூசிவையுங்கள். அன்று அவையும் கெட்டிருந்தால் குற்றம் உங்கள் புது முயற்சியில் இல்லை, அறையில் இருக்கிறது.

பெரிய பரப்புக்குப் போகும்போது

உள்ளங்கை அளவு கண்ணாடிக்கே எதிர்கரைப்பான் தடுமாறத் தொடங்கும். நடுவும் ஓரமும் ஒரே நொடியில் பதம் அடைவதில்லை. அங்கே ஈரப்படலத்தை வெற்றிட அறைக்குள் வைத்துக் கரைப்பானைச் சட்டென்று உறிஞ்சும் முறை உதவும்; 2016-இல் லோசானில் கிரெட்செல் குழு இதை 1 சதுர சென்டி மீட்டருக்கு மேற்பட்ட கலங்களில் செய்து 20 சதவீதத்தைத் தாண்டியது. இன்னொரு வழி, கத்தி விளிம்பால் கரைசலை இழுத்துப் பூசி, பின்னாலேயே நைட்ரஜனைத் தகடுபோல் வீசி உலர்த்துவது. எதிர்கரைப்பான் இல்லை, பிப்பெட் இல்லை, கைவேகம் இல்லை. பதம் மட்டும் அப்படியே இருக்கிறது: நைட்ரஜன் வீச்சு ஈரப்படலத்தைச் சந்திக்கும் அந்தக் கோடு எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும் என்பதை, எட்டுக் கண்ணாடிகளை வரிசையாக அடுக்கி, அதே சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.